டாக்டர் பொறுமையின் திறந்த கதவு

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு போர்வையை மடித்தது.

இரட்டைக் கட்டில் போர்வை. தனி ஆளாக மடிக்க வராது. கூடத்தின் ஒரு பக்கம் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மற்ற இரண்டு முனைகளோடு அம்மா எதிரே நின்றாள். நின்றாள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். நடந்தாள். முனைகளோடு ஜன்னல் பக்கம் போனாள், சமையலறை வாசல் வரை வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். போர்வை எங்களுக்கு நடுவே முறுக்கிக்கொண்டது.

"ஒரு இடத்துல நில்லும்மா."

"நின்னுட்டுத்தான் இருக்கேன். நீ இழுக்காதே."

"நான் இழுக்கல. நீதான் நடக்கற."

"நடந்தா என்ன, போர்வை கோவிச்சுக்குமா?"

ஒருவழியாக நீளவாக்கில் ஒரு மடிப்பு விழுந்தது. அடுத்த மடிப்புக்கு முன்னால் அவள் கை நின்றுவிட்டது.

"இதுல ஒரு ஆளைச் சுத்தி வெச்சா, எவ்வளவு நேரத்துல வெளியே வருவான்?"

"முடிச்சு எப்படிப் போடறோம்ங்கறதைப் பொறுத்தது."

"முடிச்சே இல்லை."

"அப்போ உடனே வந்துடுவான்."

"வரக் கூடாதுன்னு அவனே நினைச்சா?"

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "சாயங்காலம் பேசிக்கலாம்மா" என்று என் பக்கத்து முனைகளை அவள் கையில் கொடுத்தேன். அவள் மீதியை நெஞ்சோடு அணைத்து எப்படியோ சுருட்டி அலமாரியில் திணித்தாள். சாயங்காலம் வேறு எதையோ பேசினோம். மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் அம்மா கீழே விழுந்தாள். இதயம். மருத்துவர் காரணத்தை விளக்கினார். நான் திரும்ப விளக்கச் சொன்னேன். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

நான் லிஃப்ட் செய்யும் நிறுவனமொன்றில் பாதுகாப்புப் பிரிவில் பொறியாளர். ஒன்று ஏன் நின்றுபோனது என்று அறிக்கை எழுதுவது என் தொழில். அந்த அறிக்கையை இங்கே எழுதப் போவதில்லை. அம்மா என்ன வேலை செய்தாள் என்று எழுதுகிறேன்.

அம்மா வில்லன் எழுதுகிறவள்.

வாரந்தோறும் வரும் ஒரு படக்கதைப் பத்திரிகை. அதன் கதாநாயகன் கேப்டன் வேகம். ஒலியை விட வேகமாக ஓடுவான். நீல உடுப்பு, காதோரம் இறக்கை. அவனுடைய எதிரி டாக்டர் பொறுமை. கையில்லாத கம்பளிச் சட்டை, மூக்குக் கண்ணாடி, ஒருபோதும் உயராத குரல். யாரைப் பிடித்துவந்தாலும் முதலில் "உட்காருங்கள்" என்பார். நகரத்தின் குடிநீரை உப்பாக்குவதற்காக, பத்து வருடங்களுக்கு முன்பே கடலோரத்தில் ஒரு தோட்டக்காரனை வேலைக்குச் சேர்த்து வைத்தவர். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. கேப்டன் வேகத்தின் ஓட்டம் இவரிடம் எடுபடாததற்குக் காரணமும் அதுதான்.

டாக்டர் பொறுமையை உருவாக்கியது அம்மா. ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தேநீரைக் குடித்து முடிக்காத பெண். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். யோசித்துக்கொண்டே பேருந்தில் போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டு, நடந்து திரும்புவாள். தொலைபேசியில் பேசும்போது வீடு முழுக்கச் சுற்றி வந்து, பேசி முடிக்கும்போது செருப்பு மாட்டியிருப்பாள். மீட்டர் பரிசோதகராக இருந்த அப்பா இதற்கு நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். "உங்கப்பா சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள நான் ஒரு ஊரை அழிச்சுட்டு வந்துடுவேன்" என்பாள். டாக்டரின் பொறுமை அப்பாவிடமிருந்து எடுத்ததா என்று அப்பா இறந்த பிறகு ஒருமுறை கேட்டேன். "பொறுமை அவரோடது. அழிக்கறது என்னோடது" என்றாள்.

அலுவலகத்தில் எல்லோரும் அவளை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அது எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் இருமுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, ராத்திரியெல்லாம் இருமல்."

"நான் அந்த டாக்டர் இல்லைம்மா."

"எந்த டாக்டரா இருந்தா என்ன, கொஞ்சம் பாருங்களேன்."

"நான் பார்த்தா ஊரே இருமும். பெரியாஸ்பத்திரிக்குப் போ."

வங்கியில் வரிசையில் நின்றால் அதை எப்படிக் கொள்ளையடிக்கலாம் என்று அவள் கண் அளக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை காவலாளியிடம் போய், "தம்பி, உன் நாற்காலியைத் திருப்பிப் போடு, பின்கதவு உனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டாள். மேலாளர் அறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். நான் போய் அழைத்து வந்தேன். வழியெல்லாம் சிரித்தாள். "நல்லது சொன்னாத்தான்டி சந்தேகப்படறாங்க."

முட்டாள் வில்லன்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. மற்றவர்கள் எழுதிய படக்கதைகளைப் படித்துவிட்டுத் தூக்கிப் போடுவாள். "இவ்வளவு படிச்சவன், ராக்கெட் செய்யத் தெரிஞ்சவன், ஹீரோவைக் கட்டிப் போட்டுட்டு முழுத் திட்டத்தையும் ஒப்பிக்கறான் பாரு. வாயை மூடிட்டு இருந்தா ஜெயிச்சிருப்பான்." கதாநாயகர்கள் மேலும் பெரிய மதிப்பில்லை. "யாராவது காப்பாத்துன்னு கத்தினாத்தான் அவனுக்கு வேலை. காலையில எழுந்து இன்னிக்கு என்ன பண்ணலாம்னு யோசிக்கறவர் இவர்தான்." பேச்சில் கேப்டன் எப்போதும் அவன், டாக்டர் எப்போதும் அவர்.

அவர் தோற்பார். வில்லன் என்றால் தோற்றாக வேண்டும், அதில் அம்மாவுக்கு வருத்தமில்லை. ஆனால் முட்டாள்தனத்தால் ஒருமுறையும் தோற்றதில்லை.

அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பத்திரிகையைத் தொடங்கிய பழைய ஆசிரியர் வைத்தது. ஒரு வாரம் வில்லன் வாரம், மறுவாரம் கதாநாயகன் வாரம். வில்லன் வாரத்தை அம்மா எழுதுவாள். கேப்டனை எங்காவது மாட்டிவைத்து முடிப்பாள். அவனை வெளியே கொண்டுவருவது இன்னொருவரின் வேலை. அவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். எனக்குக் கேப்டன் மாமா. அம்மா எழுதியதை ஒட்டிய உறையில் போட்டு ஓவியரிடம் நேரே கொடுத்துவிடுவாள். படம் போட்டு அங்கிருந்தே அச்சுக்குப் போகும். கேப்டன் மாமா அதைப் படிக்கக் கூடாது. ஆசிரியரும் படிக்கக் கூடாது. கடையில் பத்திரிகை தொங்கும்போதுதான் கேப்டன் எதில் மாட்டியிருக்கிறான் என்று மாமாவுக்கே தெரியும். வாசகன் எவ்வளவு தவிக்கிறானோ அவ்வளவு எழுதுகிறவனும் தவிக்க வேண்டும் என்பது பழைய ஆசிரியரின் எண்ணம்.

இருவர் மேஜைக்கும் நடுவே ஓர் இரும்பு அலமாரி. தேநீர் சேர்ந்தே குடிப்பார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுவார்கள், கதையைத் தவிர. மாமா பத்திரிகையைப் புரட்டிவிட்டு, அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தை மட்டும் சொல்வார்.

"பாவி."

அம்மாவுக்கு அதுதான் பரிசு. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போதே முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

கேப்டன் மாமாவுக்கும் ஒரு நேர்மை இருந்தது. திடீரென்று பூமி அதிராது. யாரோ தெரியாத நண்பன் வந்து கதவைத் திறக்க மாட்டான். எல்லாம் கனவு என்று ஒருமுறையும் எழுதியதில்லை. அம்மா கட்டிய சுவரில் ஒரு விரிசலைத் தேடி, அதன் வழியாகவே கேப்டனை வெளியே எடுப்பார். அந்த விரிசலை அம்மா வேண்டுமென்றே விட்டாளா, அவர் கண்டுபிடித்தாரா என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை. அதையும் பேசக் கூடாது என்பதுதான் வழக்கம்.

பழைய ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அவருடைய மருமகன் அந்த நாற்காலிக்கு வந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மாப்பிள்ளை. கெட்டவர் இல்லை. விற்பனையைக் கூட்டினார், நல்ல காகிதம் வாங்கினார், சம்பளம் ஏற்றினார். உறை வழக்கத்தையும் அப்படியே விட்டுவைத்தார். எழுத்தைப் படிக்கிற வேலை மிச்சம் என்பதும் ஒரு காரணம் என்பாள் அம்மா.

ஒருநாள் அம்மாவைத் தன் அறைக்கு அழைத்தார். அந்தப் பேச்சை அம்மா எனக்கு நடித்தே காட்டினாள். சமையலறையிலிருந்து கூடம் வரை நடந்துகொண்டே, இரண்டு குரலிலும்.

"மேடம், இப்பல்லாம் வில்லனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் எதிர்பார்க்கறாங்க. ஏன் இப்படி ஆனார்னு தெரிஞ்சாத்தான் மனசுல ஒட்டுது."

"அறிவு அதிகம், இரக்கம் கம்மி. அதான் இப்படி ஆனார்."

"அது போதாது மேடம். சின்ன வயசுல அவங்க அம்மா அவரை விட்டுட்டுப் போயிட்டாங்க. மழையில ஒரு குழந்தை நிக்குது. அப்புறம் கடைசியில அழறார். கேப்டன் தோள்ல கை போடறார். ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்துடறாங்க."

"எதுக்கு அழறார்?"

"திருந்திட்டார் மேடம்."

"அம்மா இல்லாம வளர்ந்தவங்க எல்லாம் ஊரை அழிக்கக் கிளம்பிட்டாங்களா? அவருக்கு அம்மா இருந்தா. நல்லாத்தான் வளர்த்தா. எதுக்குத் தம்பி அந்தம்மாவை இழுக்கறீங்க?"

"மேடம், நீங்க எழுதலைன்னா வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமா?"

இந்த இடத்தில் அம்மா நடிப்பை நிறுத்தினாள். குரல் இறங்கிவிட்டது. "அவரை அழ வைக்கப் போறாங்கடி" என்றாள். யாரோ நிஜ மனிதருக்கு நிஜமாக ஆபத்து வந்ததுபோல இருந்தது அவள் முகம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் வாழ்நாளில் பாதியை அந்தக் கம்பளிச் சட்டைக்காரரோடு கழித்திருக்கிறாள். எல்லோரையும் நல்லவராக்கப் பார்த்த உலகத்தில், அவரை மட்டும் அவள் மன்னிக்காமலும் கேலி செய்யாமலும் வைத்திருந்தாள்.

மாப்பிள்ளையிடம் "எழுதறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்த வாரம் வீட்டில் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. நாற்காலிகள் இடம் மாறின. சர்க்கரை டப்பாவில் உப்பு இருந்தது. என்னிடம் என் தொழிலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கரண்ட் போனா லிஃப்ட் கீழே விழுமா?"

"விழாது. பிரேக்கைத் திறந்து வெச்சிருக்கறதே கரண்ட்தான். அது போனா பிரேக் பிடிச்சுக்கும். எது கெட்டாலும் நல்ல பக்கமா கெடணும், அப்படித்தான் வடிவமைப்போம்."

"சே. எங்களை மாதிரி ஆளுங்களை நீங்க நினைச்சே பார்க்கறதில்லை." கொஞ்சம் நடந்துவிட்டு வந்தாள். "அதையே தலைகீழா வெச்சா?"

"எது கெட்டாலும் கெட்ட பக்கமா கெடும். யார் அப்படிச் செய்வாங்க?"

"நல்ல கேள்வி" என்றாள்.

ஒட்டிய உறை ஓவியரிடம் போனது. அங்கிருந்து அச்சுக்குப் போனது. டாக்டர் அழுதுகொண்டிருப்பார் என்று மாப்பிள்ளை நம்பிக்கொண்டிருந்தார். பத்திரிகை கடைக்கு வந்த அன்று நானும் வாங்கினேன். அலுவலக மாடிப்படியில் நின்று படித்தேன்.

ஒரு அறை. நடுவே ஒரு மர நாற்காலி. அதில் கேப்டன் வேகம். கை கால் கட்டவில்லை. கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு வெளியே வெயில், தெரு, நடந்துபோகும் மனிதர்கள். எதிரே டாக்டர் பொறுமை.

வழக்கத்துக்கு மாறாக, அவர் தன் திட்டம் முழுவதையும் சொல்கிறார். நாற்காலியில் கேப்டன் உட்கார்ந்திருக்கும் வரை அவன் இதயத் துடிப்பை அது எண்ணிக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு நின்றால் நகரத்துக்கு மேலே இருக்கும் அணையின் மதகுகள் திறந்துவிடும். எழுந்தால் திறக்கும். கம்பியை வெட்டினால் திறக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் திறக்கும். அவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கம்பியில் போகும் செய்தி அவனைவிட வேகம். அவன் துடிப்பைத் தவிர வேறு துடிப்பை நாற்காலி ஏற்காது. "நகரத்தைக் காலி செய்யச் சொல்லலாம். செய்யட்டும். எல்லா வீட்டிலும் போக மாட்டேன் என்று ஒருவர் இருப்பார். அந்த ஒருவருக்காக நீ உட்கார்ந்திருப்பாய். உன்னை நான் பூட்டவில்லை, கேப்டன். நீ நல்லவன். அது போதும்."

கடைசிக் கட்டத்தில் டாக்டர் போய்விட்டார். கேப்டன் மட்டும். கதவு திறந்தே இருக்கிறது.

வில்லன் திட்டத்தை ஒப்பிக்கக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொன்னவள், இந்த முறை ஒப்பிக்க வைத்திருந்தாள். ஏனென்றால் ஒப்பிப்பதுதான் பூட்டு. கேப்டனுக்குத் தெரியாவிட்டால் அவன் எழுந்துவிடுவான்.

மாப்பிள்ளை கொதித்தார். அம்மா அமைதியாக, நான் அறிந்து அவள் அமைதியாகப் பேசிய ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும், இப்படிச் சொன்னாளாம்: "நீங்க சொன்னபடி கேப்டன் தோள்ல கை போடணும், இல்லையா? மொதல்ல அவனை எழுப்புங்க. எழுந்து வரட்டும். அப்புறம் அவர் அழுவாரா மாட்டாரான்னு பேசலாம்."

அந்த வாரம் அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து "பாவி" வரவில்லை.

கேப்டன் மாமா தன் வாரத்தை எழுதினார். கேப்டன் உட்கார்ந்து யோசிக்கிறான். அம்மா தன் வாரத்துக்கு டாக்டரின் வீட்டை மட்டும் கொடுத்தாள்: அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மாமாவின் அடுத்த வாரம்: கேப்டன் இன்னும் யோசிக்கிறான். வாசகர்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை மாமாவின் மேஜையருகே வந்து நிற்கத் தொடங்கினார். "எல்லாம் கனவுன்னு ஒரு வரி போட்டுடுங்க சார், முடிஞ்சுது" என்றார். மாமா, "அப்படி ஒரு வரி வந்தா மேலே என் பேர் இருக்காது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதையைப் பற்றிப் பேச அவர் எங்கள் வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. முகம் ஒட்டிப் போயிருந்தது. உட்காரவில்லை. அம்மாவும் உட்காரவில்லை. இரண்டு பேரும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். நான் நடுவில் தேநீர்த் தட்டோடு நின்றேன்.

"டாக்டர், நான் கேட்கக் கூடாதுதான்."

"அப்போ கேட்காதீங்க."

"வழி என்னன்னு கேட்கல. வழி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"சொன்னா பாதி சொன்ன மாதிரி."

"நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? பஸ்ல உட்கார்ந்தா எழுந்திருக்கப் பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரி, ஏன் நாற்காலியையே முறைக்கறீங்கன்னு கேட்கறா."

அம்மா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு அவர் தட்டிலிருந்து தேநீரை எடுத்தார்.

"இவ்வளவு வருஷத்துல ஒருதடவையாவது அழுகுணி ஆட்டம் ஆடியிருக்கோமா? ஓட்டையே இல்லாத சுவரைக் கட்டினா அது அழுகுணி ஆட்டம் டாக்டர். உனக்கே தெரியும்."

அது அம்மாவைச் சுட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவனை நீங்க எழுப்பினா, அவங்க இவரை அழ வைப்பாங்க" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சே கேட்கறீங்க."

"என் ஆளு அங்க உட்கார்ந்திருக்கான் டாக்டர். நான் கேட்காம வேற யார் கேட்பாங்க?"

அம்மா சமையலறைப் பக்கம் நடந்துவிட்டாள். மாமா தேநீரைக் குடித்துவிட்டு, என்னிடம் "வர்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிற வயதுக்கு வந்து வெகுநாளாகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அதற்குப் பிறகு அம்மாவின் நடை வேறு மாதிரி ஆனது. முன்பு யோசிக்க நடப்பாள். இப்போது யோசிக்காமலிருக்க நடந்தாள் என்று நினைக்கிறேன். ஒருபக்கம் டாக்டரின் மானம். இன்னொரு பக்கம், அலமாரிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒருநாளும் ஏமாற்றாமல் அவளோடு விளையாடிய மனிதர். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றொன்று போகும். நான் ஒரு யோசனை சொன்னேன்: பத்திரிகை எப்படியும் அவர்களுடையது, நாளைக்கே வேறொருவர் எழுதலாம், எதற்கு இவ்வளவு பாடு?

"நீ ஒரு லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போடற. நாளைக்கு வேற ஒருத்தன் வந்து பிரேக்கைக் கழட்டலாம். அதுக்காக இன்னிக்கே நீ கழட்டுவியா?"



ஒருநாள் மாலை அவள் மாமாவுக்குத் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டேன். நீளமான பேச்சில்லை. "வியாழக்கிழமை வீட்ல இருப்பீங்களா? ... இல்லை, ஆபீஸ்ல வேண்டாம். நான் வந்து நேர்லயே சொல்லிடறேன். ... இருக்கா இல்லையாங்கறதைத்தான். ... சரி, சாயங்காலம்." பேசி முடிக்கும்போது வழக்கம்போல் செருப்பு மாட்டியிருந்தாள். கழற்றிவிட்டு வந்தாள்.

"என்ன சொல்லப் போறம்மா?" என்று கேட்டேன்.

"அவர்கிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றாள்.

அந்த வியாழக்கிழமைக்கு முந்தைய நாள் அம்மா இறந்துபோனாள்.

வீடு ஆட்களால் நிரம்பியது. மாப்பிள்ளை வந்தார், உண்மையாகவே கண் கலங்கினார். ஓவியர் வந்தார். கேப்டன் மாமா வாசலுக்கருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் வந்து போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கேட்க வாயெடுத்து, தலையைக் குனிந்துகொண்டார். என்ன கேட்க நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அதை அன்றைக்குக் கேட்க நினைத்ததற்கே அவர் வெட்கப்பட்டார் என்பதும் தெரியும்.

அடுத்து வந்த நாட்களில் என்னால் உட்கார முடியவில்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கூடத்தில் அந்தப் பத்திரிகையை விரித்து வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு பாகமாக எடுத்து, இது கெட்டால் என்ன ஆகும், இது பொய்யானால் என்ன ஆகும் என்று பார்த்தேன். மதகுகளைக் கையால் பூட்டலாமா? டாக்டர் பூட்டின் சாவித்துவாரங்களை வருடங்களுக்கு முன்பே ஈயம் உருக்கி ஊற்றி அடைத்திருக்கிறார், மூன்றாம் பக்கம். அணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்யலாமா? மழைக்காலத்தைத் தேர்ந்திருக்கிறார், நான்காம் பக்கம். துடிப்பைப் பதிவு செய்து ஓடவிடலாமா? துடிப்பு நேரத்துக்கு நேரம் மாறும். நாற்காலி அந்த மாற்றத்தைத்தான் தேடுகிறது. நான் போன ஒவ்வொரு இடத்துக்கும் அம்மா முன்பே போயிருந்தாள். ஒரு கட்டத்தில் சத்தமாகவே "நகரும்மா" என்றேன்.

டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம். நாற்காலி வெறும் நாற்காலியாக இருக்கலாம். ஆனால் அவர் இதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை. பொய்யை அவசரக்காரர்களின் ஆயுதம் என்பவர் அவர்.

வழி எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. வழி இல்லை என்று நிரூபிக்கவும் முடியவில்லை. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது என் தொழிலின் முதல் பாடம். அதைத் தெரிந்து வைத்திருந்து ஒரு பயனும் இல்லை.

இதற்குள் மாப்பிள்ளை ஒரு புதிய எழுத்தாளரைப் பார்த்துவிட்டதாக ஓவியர் சொன்னார். நல்ல பையனாம். மழையில் நிற்கும் குழந்தையை வரையக்கூடச் சொல்லிவிட்டார்களாம். கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்த மறுவாரம் அது வரும். எழுப்ப வேண்டியது கேப்டன் மாமா. அவருடைய வாரத்தை மட்டும் யாரும் தொட முடியாது. பழைய ஆசிரியர் உயிரோடு இருக்கும்வரை அந்த வழக்கத்தை மாற்ற மாப்பிள்ளைக்குத் துணிவில்லை.

நான் ஒரு முடிவோடு மாமா வீட்டுக்குப் போனேன். வழி இருக்கிறது என்று அம்மா சொன்னதாகச் சொல்லிவிடலாம். அது என்ன என்று சொல்வதற்குள் போய்விட்டாள் என்று சொல்லலாம். அவர் தூங்குவார். ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாள் என்ற சந்தேகம் அவருக்கு இருக்காது.

மாடி வீடு. சின்னக் கூடம். மாமாவின் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு, "நீயாவது சொல்லும்மா, மனுஷன் எழுந்து நடமாடட்டும்" என்று உள்ளே போனார். மாமா எதிரே உட்கார்ந்திருந்தார். மேஜையில் அடுத்த வாரத்துக்கான தாள்கள். மேல் தாளில் பென்சிலால் ஒரு கட்டம்: நாற்காலி, கேப்டன், திறந்த கதவு. கதவருகே ஒரு கிழவி வந்து நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மாமா, அம்மா உங்ககிட்ட சொல்ல வந்தது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் நிமிர்ந்தார். "சொன்னாளா?"

"இருக்குன்னு..."

"எப்படிச் சொன்னா? அவ வார்த்தையிலயே சொல்லு."

நான் தேநீர்த் தம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது.

"பாப்பா, நீ லிஃப்ட்டைப் பாரு. பொய் சொல்ல உங்கம்மா வேணும்."

நான் அழுதேன். அம்மா போனதிலிருந்து அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியல மாமா. பக்கம் பக்கமா பார்த்துட்டேன். கண்டுபிடிக்க முடியல."

"நானும்தான்." பென்சிலைக் கூர் பார்த்தார். "மாப்பிள்ளை நேத்து வந்திருந்தார். மாசக் கடைசிக்குள்ள எழுப்பச் சொல்றார். புதுப் பையன் ரெடியா இருக்கானாம். டாக்டர் எப்படி அழுவார்னு எனக்கே நடிச்சுக் காட்டினார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வியாழக்கிழமை வந்து சொல்றேன்னு சொன்னவ இன்னும் வரல, அவ வராம என் ஆளு எழுந்திருக்க மாட்டான்னு சொன்னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பார். நினைக்கட்டும். அவன் உட்கார்ந்திருக்கற வரைக்கும் யாரும் அவரை அழ வைக்க முடியாது, இல்லையா?" பென்சிலை மேஜையில் வைத்தார். "பாவி" என்றார், அலமாரி இல்லாத அந்தக் கூடத்தில்.

வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினார். படியிறங்கும்போது மேலிருந்து கேட்டார்: "அவ குரல் எப்படி இருந்தது பாப்பா? ஃபோன்ல. இருக்குன்னு சொல்ல வர்ற மாதிரியா, இல்லைன்னு சொல்ல வர்ற மாதிரியா?"

நினைவுபடுத்திப் பார்த்தேன். வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே பேசினாள். எப்போதும் போலத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அவர் வீட்டுக்குப் போக அம்மா பேருந்து எண்ணைக்கூட விசாரித்து வைத்திருந்தாள். இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்திருப்பாள். மாடியேறி, உட்காரச் சொன்னால் உட்காராமல், கூடத்தில் நடந்துகொண்டே சொல்லியிருப்பாள். இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டில் ஒன்று. ஒரு நிமிட வேலை. அது அப்படியே கிடக்கிறது.